செத்தா வந்து சொல்லு

எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலைக்குக் கீழே கொழுந்து நிறுக்கும் கொட்டகை ஒன்று இருந்தது. அதன் மேற்குச் சுவரில், ஓர் ஆள் சாய்ந்து நின்றால் முதுகு படுகிற உயரத்தில், சுண்ணாம்பு உதிர்ந்து வழவழவென்று ஒரு திட்டு. அது மழை அரித்த இடம் என்று புதிதாக வந்தவர்கள் நினைத்துக்கொள்வார்கள். மனிதர்களின் முதுகு பட்டுப் பட்டு வந்த வழவழப்பு அது.

அந்தச் சுவரில் ஆட்களை நிற்கவைத்தவரைப் பற்றித்தான் உங்களுக்கு எழுதுகிறேன், பிள்ளைகளா. அவர் பெயரை எழுத மாட்டேன். அவருக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், நல்ல பிள்ளைகள். தோட்டத்தில் நாங்கள் அவரைப் பிட்டர் என்றுதான் கூப்பிட்டோம். லோரி, டிராக்டர், தொழிற்சாலை இயந்திரம், துரையின் ஜீப்பு, எது நின்றுபோனாலும் அவர் கை பட்டால்தான் மறுபடி ஓடும்.

உங்கள் பெரியப்பாவிடம், அதாவது என் அண்ணனிடம், கால் எப்படிப் போனது என்று கேட்டால், "காடி மோதிருச்சுலா" என்று காரை மட்டும் சொல்லிவிட்டு வெற்றிலையை எடுத்துக்கொள்வார். நீங்களும் ஆளுக்கொரு கதை கட்டி வைத்திருக்கிறீர்கள். நடந்ததைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பிட்டரின் பட்டறை மேட்டில் இருந்தது. அங்கிருந்து செம்மண் சரிவு ஒன்று நேராக இறங்கி அந்தச் சுவரில் வந்து முட்டும். எந்த வண்டிக்குப் பிரேக் வேலை செய்தாலும் அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. பகல் சங்கு ஊதியதும் வண்டிக்காரன் போய்ச் சுவரில் முதுகை வைத்து நிற்க வேண்டும். பிட்டர் பழைய துணியால் விரல் விரலாகக் கையைத் துடைப்பார். சுண்டு விரலில் தொடங்கிக் கட்டை விரலில் முடிப்பார், அவசரமே படமாட்டார். பிறகு ஏறி உட்கார்ந்து, சரிவில் மாட்டை அவிழ்த்துவிட்டதுபோல் வண்டியை விடுவார். நிற்கிறவன் நெஞ்சுக்கும் வண்டி மூக்குக்கும் ஒரு முழம் இருக்கும்போது மிதிப்பார். புழுதி அடங்கும்வரை இறங்க மாட்டார். நிற்கிறவனின் முகத்தையே பார்த்துக்கொண்டு இருப்பார்.

"பிரேக்கு காடியில இல்லடா. மனுசன் மூஞ்சியில இருக்கு" என்பார்.

இதைப் பார்க்கத் தோட்டமே கூடும். கொழுந்து எடுக்கும் பெண்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டு வருவார்கள். நான் அப்போது தொழிற்சாலை மாடியில் இலை வாட்டும் வேலையில் இருந்தேன். அங்குள்ள ஜன்னலிலிருந்து பார்த்தால் சரிவு முழுவதும் தெரியும். இடம் பிடிக்க நாங்கள் அடித்துக்கொள்வோம். நின்றவன் கண்ணை மூடினானா, சாமி பெயரைச் சொன்னானா, கால்சட்டை நனைந்ததா என்பதுதான் அன்றைய பேச்சு. வண்டி நன்றாக நின்றதா என்று யாரும் பேசியதில்லை.

"நாளைக்குப் புடிக்கலன்னா என்னாண்ணே செய்யறது?" என்று லோரிக்காரர் ஒருவர் ஒருமுறை கேட்டார்.

பிட்டர் சிரிக்காமல் சொன்னார்: "செத்தா வந்து சொல்லு. மாத்தித் தரேன்."

அதிலிருந்து அது அவருடைய வாசகமாகிவிட்டது. தையல் இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டுக் கொடுத்தாலும் "செத்தா வந்து சொல்லு" என்பார். சின்னப் பையன்கள் பம்பரத்துக்கு ஆணி அடித்துக் கொடுத்தால்கூட அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள்.

கணக்கு எழுதும் ஆபீஸ் கிராணியையும் அவர் விடவில்லை. கிராணி மூக்குக்கண்ணாடி போட்டவர், எங்களிடம் முகம் கொடுத்துப் பேசாதவர். அவருடைய ஸ்கூட்டருக்குப் பிரேக் போட்டு முடித்ததும், "வாங்க தவுக்கே, செவத்துக்கு" என்று முதலாளியைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டார் பிட்டர். கிராணி முடியாது என்றார். "அப்ப எடுத்துக்கிட்டுப் போங்க. எறக்கத்துல பாத்துக்கலாம்." கிராணி கொஞ்ச நேரம் ஸ்கூட்டரைப் பார்த்தார். பிறகு போய் நின்றார். ஸ்கூட்டர் வந்து நின்ற அதிர்ச்சியில் கண்ணாடி கீழே விழுந்துவிட்டது. பிட்டர் அதை எடுத்துத் துடைத்து, தன் மூக்கில் மாட்டிக்கொண்டு கிராணியை மேலும் கீழும் பார்த்தார். "அடடே, இதப் போட்டா கூலிக்காரன்லாம் சின்னதாத் தெரியுறான்லா!" கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஜீப்பில் போய்க்கொண்டிருந்த துரைகூட நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார். எங்களுக்கு அன்றைக்குக் கூலி உயர்ந்ததுபோல் இருந்தது. அவருடைய கொடுமை எங்களுக்குப் பிடித்துப்போனதற்கு அந்த மாதிரி நாட்கள்தான் காரணம்.

தன் மனைவியையும் அவர் நிற்கவைத்திருக்கிறார். பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை ஓட்டத்துக்குக் கொண்டுவந்த அன்று, சோறு எடுத்து வந்த அந்த அம்மாவை, "போயி நில்லு" என்றார். தூக்குச் சட்டியோடு போய் நின்றார். வண்டி வந்து முழங்காலுக்குப் பக்கத்தில் நின்றது. அந்த அம்மா இமைக்கவில்லை. "சோறு ஆறுது. திங்க வரீங்களா?" என்று மட்டும் கேட்டார். கூட்டத்தில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. பிட்டர் அன்று சோற்றைத் தொடாமல் பட்டறைக்குள் போய்விட்டார். பார்க்க வேண்டிய முகம் கிடைக்கவில்லை அவருக்கு.

கெட்டிக்காரர், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு தடவையாவது அந்தச் சுவரில் அவர் நின்று யாரும் பார்த்ததில்லை.

சீமைக்குத் திரும்பிப் போன சின்னதுரை ஒருவர் விட்டுப்போன சாம்பல் நிறக் கார் ஒன்று, பழைய இலைக் கொட்டகையில் சாக்குகளுக்கு அடியில் பல வருஷமாகக் கிடந்தது. இருக்கைக்குள் எலி குட்டி போட்டிருந்தது. கொட்டகையை இடிக்க வேண்டும், இழுத்துக்கொண்டு போகிறவன் எடுத்துக்கொள்ளலாம் என்று துரை சொன்னார். உங்கள் பெரியப்பாதான் இழுத்துக்கொண்டு வந்தார்.

பெரியப்பா அப்போது தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் கும்பலில் இருந்தார். குளிரில் கத்தி பிடித்துப் பிடித்து விரல் மூட்டெல்லாம் வெடித்திருக்கும். தோட்டத்து டிராக்டரில் ஓட்டப் பழகி லைசென்ஸும் எடுத்துவிட்டார். பெரியம்மாவின் அக்காள் மலைக்குக் கீழே தாப்பாவில் இருந்தார். அந்தத் தெருப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போய் இறக்க ஒரு கார் இருந்தால் போதும், மலையை விட்டு இறங்கிவிடலாம். பிள்ளைகளின் தாய் தகப்பன்களும் சம்மதித்துவிட்டார்கள். தீபாவளி கழிந்ததிலிருந்து பெரியம்மா சட்டி பானைகளை மூட்டை கட்டத் தொடங்கிவிட்டார்.

பெரியப்பா பட்டறைக்குப் போனார்.

"பிட்டரண்ணே, பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள வேணும்ண்ணே. அன்னைக்குப் பிள்ளைங்க வாசல்ல நிக்கும்."

சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். பிட்டர் மீசையைத் தடவினார். "தொறக்கறதுக்கு மொத நாளு பகல் சங்குக்குச் செவத்துல வந்து நில்லு. நான் வரலன்னா இந்த மீசை எனக்கு வேணாம்."

சொல்லிவிட்டார். ஆனால் அந்தக் காரில் என்ன இருக்கிறது என்பது சக்கரத்தைக் கழற்றிய பிறகுதான் அவருக்குத் தெரிந்திருக்கும்.

இதை நீங்கள் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். காலால் பிரேக்கை மிதித்தால் ஒரு குழாய்க்குள் இருக்கும் எண்ணெய் தள்ளப்படும். அந்த எண்ணெய், விரல் நுனி அளவுள்ள ரப்பர் மூடிகளைத் தள்ளும். அவை தள்ளித்தான் சக்கரத்துக்குள் இருக்கும் கட்டை போய் உரசிப் பிடிக்கும். எங்கள் மலையில் தேயிலைத் தூளைத் திறந்து வைத்தால் ஒரே இரவில் ஈரம் இழுத்து நமத்துப்போகும் இல்லையா? பிரேக் எண்ணெயும் அப்படித்தான். வருஷக்கணக்கில் நின்ற காரில் அது மேகத்து ஈரத்தையெல்லாம் குடித்துவிட்டிருக்கும். சக்கரம் சூடேறினால் அந்தத் தண்ணீர் கொதித்து ஆவியாகும். ஆவியை மிதித்தால் அது எதைத் தள்ளும்? கால்தான் கீழே போகும். ஆகவே பழைய எண்ணெயை முழுக்க வடித்துக் கொட்டிவிட்டுப் புதியது ஊற்ற வேண்டும். ரப்பர் மூடிகளையும் மாற்ற வேண்டும். சின்ன இறக்கத்தில் ஒருமுறை மிதித்துப் பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. நீண்ட இறக்கத்தில்தான் தெரியும்.

ஈப்போ நகரத்திலிருந்து சாமான் வர வேண்டியிருந்தது. வருஷக் கடைசி, கடை அடைத்திருந்தது. சாமான் வரவில்லை என்று பிட்டர் சொல்லியிருக்கலாம். சொன்னால் மீசை போய்விடும்.

துருவைத் தேய்த்து எடுத்தார். இறுகிப்போன ரப்பர் மூடிகளையே திரும்ப மாட்டினார். கடுந்தேநீர் நிறத்தில் இருந்த பழைய எண்ணெயைத் துணியில் வடிகட்டி அதையே ஊற்றினார்.

வடிகட்டியது அவர் மனைவியின் சேலைத் துண்டில். அந்த அம்மா தண்ணீர்க் குழாயடியில் பெரியம்மாவிடம் குறைப்பட்டுக்கொண்டார். "ஒங்க காடி எண்ணெய வடிகட்டி என் துணி சாயமெல்லாம் போச்சுக்கா. தொவைச்சும் நாத்தம் போகல." பெரியம்மா, "தாப்பாவுல இருந்து புதுசு வாங்கியாரேன் தங்கச்சி" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். இருவருக்குமே அதன் பொருள் தெரியாது.

சொன்ன நாள் வந்தது. பகல் சங்கு ஊதியது. சரிவின் இரண்டு பக்கமும் கூட்டம். பிட்டர் சுண்டு விரலிலிருந்து துடைக்கத் தொடங்கினார். பெரியப்பா சுவருக்குப் போகவில்லை. காரின் கதவைத் திறந்து ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"பிட்டரண்ணே, இது பிள்ளைங்க ஏறப்போற காடி. எங் கால்ல புடிக்குதான்னு நான் பாக்கணும். நீங்க போயி நில்லுங்க."

எல்லாத் தலைகளும் பிட்டர் பக்கம் திரும்பின. பிறகு பெரிய கூச்சல். "நில்லுங்கலா பிட்டரு!" "மூஞ்சியில பிரேக்கு இருக்கான்னு நாங்களும் பாக்கறோம்!" கிராணிகூட ஆபீஸ் வாசலுக்கு வந்துவிட்டார்.

பிட்டர் நடந்து போனார். சுவரில் முதுகை வைத்தார். கையில் துணி இருந்தது, ஆனால் துடைக்கவில்லை.

கார் இறங்கியது. மாடி ஜன்னலிலிருந்து எனக்கு அவர் முகம்தான் தெரிந்தது. கார் பாதிச் சரிவு வருவதற்குள் அவர் கண் சக்கரத்துக்குப் போனது. அடுத்த நொடி பக்கவாட்டில் பாய்ந்து, கொட்டகைக் கால்வாய்க்குள் விழுந்தார்.

கார் சுவருக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றது. அசையாமல், அழகாக நின்றது.

அன்றைய சிரிப்பைப் போல ஒரு சிரிப்பை நான் பிறகு கேட்டதில்லை. "பிட்டரு பறந்துட்டாருடி!" என்று கத்தினாள் கொழுந்துக்காரக் கிழவி ஒருத்தி. "கூடையில விழுந்திருந்தா நிறுத்துப் பாத்திருக்கலாம்லா!" பெரியப்பா இறங்கி ஓடி, சேறும் சகதியுமாக இருந்தவரைக் கை கொடுத்துத் தூக்கினார். தன் வேலையைத் தானே நம்பாமல் ஒரு மனிதன் ஏன் குதித்தான் என்று நாங்கள் ஒருவரும் யோசிக்கவில்லை. அந்தச் சுவரில் பயந்த முகத்தைக் கண்டால் சிரிக்க வேண்டும் என்று அவரேதான் எங்களைப் பழக்கியிருந்தார்.

சாயங்காலம் பெரியப்பா வெற்றிலை பாக்கும் பலகாரமும் தட்டில் வைத்து அவர் வீட்டுக்குக் கொண்டுபோனார். நானும் போனேன். பிட்டர் வாசற்படியில் நின்றார். உள்ளே வரச் சொல்லவில்லை.

"எப்பக் கெளம்புற?"

"விடியக்காலைலண்ணே."

பிட்டர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "கியருலயே எறங்கு. ரொம்ப மிதிக்காத."

"நீங்க குதிச்ச குதியப் பாத்து எனக்கே பயம் வந்துருச்சுண்ணே" என்று பெரியப்பா சிரித்தார். "புடிக்கலன்னா வந்து சொல்லணும்லா? செத்தா வந்து சொல்றேன்!"

அவர் கேலியாகச் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னார். பிட்டரின் வாய் திறந்தது. ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டில் யாரோ அந்தக் குதியை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள், பெண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது. பிட்டர் தட்டை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார்.

மறுநாள் நடந்ததைப் பெரியம்மாதான் எனக்குச் சொன்னார். ரிங்லெட் ஊரைத் தாண்டி, காட்டில் பறித்த பெட்டாய்க் காயை விற்கும் குடிசைகளையும் தாண்டி இறங்கும்போது, பெரியப்பாவின் பேச்சு நின்றுவிட்டதாம். கால் மட்டும் மேலும் கீழும் போய்வந்ததாம். கைப் பிரேக்கை இழுத்தார், துருப்பிடித்த கம்பி கையோடு வந்தது. கியரை மாற்றப் பார்த்தார், கார் கேட்கவில்லை. பெரியம்மா பக்கம் பள்ளம். அவர் பக்கம், சாலைக்கு அந்தப்புறம், மலை. "கண்ண மூடிக்க" என்று சொல்லிவிட்டு, காரைக் குறுக்கே திருப்பித் தன் பக்கத்தை மலைக்குக் கொடுத்தார்.

பெரியம்மாவுக்கு நெற்றியில் ஒரு தழும்பு. அவருக்கு வலது கால் முழங்காலுக்கு மேலே போனது. தாப்பாவில் பிள்ளைகள் புது உடுப்பும் பையுமாக வாசலில் நின்றுவிட்டு, வெயில் ஏறியதும் நடந்து போனார்களாம். மயக்கம் தெளிந்ததும் பெரியப்பா அந்தப் பிள்ளைகளைப் பற்றித்தான் கேட்டார்.

மலைக்குத் திரும்பி வந்தார்கள். மூட்டை பிரித்தார்கள். தொழிற்சாலையில் தேயிலைத் தூளிலிருந்து குச்சி பொறுக்கும் வேலை கொடுத்தார்கள். கிழவிகளோடு உட்கார்ந்து பொறுக்கினார். "டிராக்டர் ஓட்டுனவனுக்கு மலைச் சடக்குல என்னா தெரியும்?" என்று, மலைச்சாலையில் ஓட்டத் தெரியாதவர் என்பதுபோல், அவர் காதுபடவே பேசினார்கள். அவர் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார். பிட்டர் அதை மறுத்துப் பேச வரவில்லை. நொறுங்கிய காரை மரம் ஏற்றும் லோரி ஒன்று இழுத்துவந்து பட்டறையில் போட்டது. பட்டறைக் கதவு சாத்தியே இருந்தது.

ஒரு நாள் காலையில் எங்கள் லயத்து வரிசை வீட்டு வாசலில் ஒரு பால் டின் இருந்தது. உள்ளே வெடித்து ஊதிப்போன ரப்பர் மூடிகள், பழுப்பு எண்ணெயில் ஊறிக்கொண்டு. யார் வைத்தது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. பெரியப்பா ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு டின்னைக் கூரைக்கு அடியில் செருகிவிட்டார். பழைய ரப்பரையும் எண்ணெயையுமே பிட்டர் போட்டார் என்பது அன்றைக்குள் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

அதற்குச் சில வாரம் கழித்து, பகல் சங்கு ஊதும்போது, அந்தச் சாம்பல் நிறக் கார் சரிவின் உச்சியில் நின்றது. முன்பக்கத் தகரத்தைப் பிட்டர் தட்டி நிமிர்த்தியிருந்தார். புதுக் குழாய், புது ரப்பர், புது எண்ணெய். சாவி அதிலேயே தொங்கியது. பிட்டர் சரிவில் நடந்து இறங்கி, சுவரில் முதுகை வைத்து நின்றார். மீசை இல்லை.

யாரும் கூடவில்லை. கூடக் கூடாது என்று யாரும் சொல்லவும் இல்லை. பெண்கள் கூடையோடு அவரைக் கடந்து போனார்கள். பறந்துவிட்டார் என்று கத்திய கிழவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போனாள்.

எங்கள் வாசலில் உட்கார்ந்தால் அந்தச் சுவர் தெரியும். பெரியப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பிட்டரின் மனைவி மூச்சிரைக்க வந்தார். தம் கணவர் வண்டியை விட்டபோது இமைக்காத அந்த அம்மா, அன்று பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார்.

"அக்கா, அண்ணன வரச் சொல்லுங்கக்கா. ஒரு வாட்டி ஏறி உக்காந்து மிதிக்கச் சொல்லுங்க. அவரு நிக்கிறாருக்கா. இந்த வாட்டி நவர மாட்டாரு."

பெரியம்மா கையை விடுவித்துக்கொண்டார். "எந்தக் கால்ல மிதிக்கச் சொல்ற?"

அந்த அம்மா அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். பெரியப்பா கையைக் கழுவினார். சுவரைப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"போயி அவருக்கிட்டச் சொல்லு. நான் இன்னும் சாகல. செத்தா வந்து சொல்றேனாம்னு சொல்லு."

நான் போய்ச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என்னைத் தாண்டி, மேட்டில் நின்ற காரையே பார்த்துக்கொண்டிருந்தார். கையில் அந்தத் துணி. சுண்டு விரலைத் துடைத்தார். அடுத்த விரலுக்குப் போகாமல் அதையே துடைத்துக்கொண்டு நின்றார்.

மழை வந்தது. பிற்பகல் சங்கு ஊதியது. நாங்கள் வேலைக்கு ஏறினோம். இலையைப் புரட்டிவிட்டு ஜன்னலுக்கு வரும்போதெல்லாம் பார்த்தேன். சுவர் நனைந்து கறுத்திருந்தது. அவர் முதுகு இருந்த இடம் மட்டும் நனையவில்லை என்பது அவர் விலகிய பிறகுதான் தெரிந்தது.

இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்பு அவர் மேட்டுக்கு ஏறினார். காரின் நான்கு சக்கரங்களுக்கும் கல் வைத்தார். காலால் உதைத்து, கல் இறுகியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார். பிறகு பட்டறைக்குள் போனார்.

அந்தக் கார் அங்கேயே நின்று துருவேறியது. அதன் பிரேக்கை யாரும் மிதித்துப் பார்க்கவில்லை.